வெள்ளை வெளேர் எம்எஸ் 62 வாங்கவா, கறுத்த ஏயூ 58 வாங்கவா?

எடிசன்தமிழன்:

வணக்கம். நான்கு வருடமாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயும் விக்டோரியா ரூபாயும் சேர்த்துக்கொண்டிருந்தவன். வேலை மாறி நியூ ஜெர்சிக்கு வந்தபின் ஆரம்பகால அமெரிக்க வெள்ளியின் மேல் கண் போய்விட்டது. 1794, 1795 டாலர்களெல்லாம் என் சம்பளத்துக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியவை. அதனால் கேப்டு பஸ்ட் (தொப்பி போட்ட சுதந்திர தேவியின் மார்பளவு உருவம்) அரை டாலரில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். 1807 முதல் 1836 வரை அடித்தார்களே, ஓரத்தில் எழுத்து இருக்குமே, அது.

ஒரு வியாபாரியிடம் இரண்டு காசு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1827, இரண்டும் ஸ்லாபில், அதாவது தரம் பார்த்து எண் போட்டு அடைத்த பிளாஸ்டிக் உறையில், இருப்பவை. ஒன்று எம்எஸ் (புழங்காதது) 62. நேற்று அடித்ததுபோல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. மற்றது ஏயூ (ஏறக்குறைய புழங்காதது) 58. நடுவில் சாம்பல், ஓரத்தில் நீலமும் பழுப்பும் கலந்த கறுப்பு. விலை முதல் காசில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் படத்தைக் காட்டினேன். "கறுத்ததுக்கா காசு குடுக்கப் போறீங்க?" என்பதோடு பேச்சு முடிந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சில்லறை:

வீட்டில் சொல்வதைக் கேளுங்கள் சார். காசு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஓரஎழுத்து:

படம் போடாமல் கேட்டால் பாதி பதில்தான் வரும். இருந்தாலும் சொல்கிறேன்.

60 என்ற எண்ணைப் பலரும் சுவர் மாதிரி நினைக்கிறார்கள். அதற்கு மேலே புழங்காத காசு, கீழே புழங்கிய காசு. ஆனால் இந்த 1 முதல் 70 வரையான அளவுகோல் வெள்ளிக்காக வந்ததே இல்லை. ஷெல்டன் என்ற சேகரிப்பாளர் 1949இல் பெரிய செம்பு சென்ட்டுகளுக்காகப் போட்டது, அதுவும் விலைக் கணக்காக. 70 என்றால் 1க்கு எழுபது மடங்கு விலை என்று பொருள். பிற்பாடு அதைத் தூக்கி எல்லாக் காசுக்கும் மாட்டினார்கள். தரம் பார்க்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் வந்து பிளாஸ்டிக்கில் அடைத்து எண் போட ஆரம்பித்தபின், பலர் காசைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கிறார்கள்.

எம்எஸ் 62 என்றால் என்ன? தேயவில்லை, ஆனால் வேறு குறை நிறைய. மூட்டைக்குள் மற்ற காசுகளோடு இடித்த தழும்பு, மயிரிழைக் கீறல், மங்கிய ஒளி, இதில் ஏதோ ஒன்றோ எல்லாமோ இருக்கும். ஏயூ 58 என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான உரசல். நல்ல 58 ஒன்று 63, 64 காசின் முகத்தோடு இருக்கும், கன்னத்தில் மட்டும் கைபட்ட தடம் தெரியும். இந்த அரை டாலரின், அதாவது பஸ்ட் ஹாஃபின், பைத்தியங்கள் (நானும்தான்) 58ஐத் தேடி அலைவது இதனால்தான்.

இந்த வகையில் நல்ல நிலைக் காசுகள் இவ்வளவு மிஞ்சியதற்கு ஒரு காரணம் உண்டு. 1804இல் வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடித்த டாலரெல்லாம் கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கீழ்த்திசைக்கும் போய்க்கொண்டிருந்தன. பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் அரை டாலர்தான் நாட்டின் பெரிய வெள்ளிக்காசு. வங்கிகள் அதை மூட்டை கட்டி இருப்பில் வைத்தன. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மூட்டை மாறும், அவ்வளவுதான். சந்தைக்குப் போய் மீன் வாங்கிய காசுகள் குறைவு.

தேய்மானம் பார்க்க வேண்டிய இடங்கள்: கன்னம், காதுக்கு மேல் முடி, தொப்பியின் மேடு, மார்புத் துணியின் கொக்கி, கழுகின் இறக்கை நுனி. ஆனால் இந்தக் காசுகளில் பாதிக்குக் கொக்கியும் இறக்கையும் அச்சிலேயே சரியாக விழுந்திருக்காது. மங்கலாக விழுந்த இடத்தைத் தேய்மானம் என்று ஏமாறாதீர்கள். அச்சு சரியாக விழாத இடத்திலும் புது வெள்ளியின் ஒளி ஓடும். தேய்ந்த இடம் செத்த சாம்பலாக இருக்கும். காசைச் சாய்த்தால் இரண்டும் சட்டென்று பிரிந்து தெரியும்.

வட்டிக்கணக்கு:

நான் எதிர்க்கட்சி. ஓரஎழுத்து சொல்வது ரசனை. நாளை விற்கப் போகும்போது எதிரில் நிற்பவர் ரசிகராக இருப்பார் என்று என்ன நிச்சயம்? எம்எஸ் என்ற இரண்டு எழுத்துக்கு வாங்குபவர் அதிகம். 58ஐ விற்க அதன் அழகை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். 62ஐ விற்க வாயே திறக்க வேண்டாம். அதோடு 1827 சாதாரண வருடம், ஐம்பது லட்சத்துக்கு மேல் அடித்தது. இதில் எண்ணை விட்டால் வேறு என்ன பிடிமானம்?

பட்டறைக்காரர்:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை. காசு சேர்ப்பதில் நான் கற்றுக்குட்டி, ஆனால் வெள்ளியைப் பற்றிச் சொல்லலாம்.

இருநூறு வருட வெள்ளி தானாக வெள்ளை வெளேர் என்று இருக்காது. காற்றில் உள்ள கந்தகம் பட்டுப் படலம் கட்டத்தான் செய்யும். ஆகவே அந்த 62ஐ யாரோ முக்கி எடுத்திருக்கிறார்கள் என்று தாராளமாக நினைக்கலாம். தயோயூரியாவும் அமிலமும் கலந்த கரைசலில் சில நொடி முக்கினால் கறுப்பு போய்விடும். ஆனால் கறுப்பு என்பது வெள்ளியின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லையே, அந்த வெள்ளிதானே கறுத்திருக்கிறது! அதைக் கரைத்தால் காசின் மேல்தோலும் சேர்ந்து போகும்.

மேல்தோல் போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாகக் காசின் மேல் நிற்கும். விளக்கடியில் காசைச் சுற்றினால் ஒளி ஆரக்கால் மாதிரி சுழல்வது அந்த வரிகளால்தான். ஒருமுறை முக்கினால் கொஞ்சம் மழுங்கும். நாலைந்து கை மாறி, ஒவ்வொருவரும் ஒருமுறை முக்கினால், வெள்ளையாக இருக்கும், ஒளி ஓடாது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

இன்னொன்று. கறுப்பு பயம் அமெரிக்க நாணயச்சாலைக்கே இருந்தது. 1792 ஏப்ரல் 2 சட்டப்படி டாலருக்கு 416 கிரெய்ன் (பழைய ஆங்கில எடை அளவு) எடை, அதில் 371.25 கிரெய்ன் சுத்த வெள்ளி. கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு 892.4 வரும். மாற்று பார்ப்பவராக இருந்த ஆல்பியன் காக்ஸ், இந்தக் கலவையில் அடித்தால் புழக்கத்தில் கறுத்துப்போகும் என்று வாதாடினார். இயக்குநர் ரிட்டன்ஹவுஸும் ஒத்துக்கொண்டு, சட்டத்தை மாற்றாமலேயே ஆயிரத்துக்கு 900 என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளி கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு டாலரிலும் மூன்று கிரெய்னுக்குச் சற்று மேல் நட்டம். அதற்கு அப்புறம் நாடாளுமன்றம் வரை முறையீடு போனது. மூன்று கிரெய்ன் என்றால் ஒரு குன்றிமணிக்கும் மேல். எங்கள் தாத்தா அப்படிச் செய்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது.

எடிசன்தமிழன்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பட்டறைக்காரர் அண்ணா, ஒரு சந்தேகம். போன மாதம் ஒரு 1795 டாலரைக் கையில் வாங்கிப் பார்த்தேன் (பார்க்க மட்டும்!). முகத்தில் குறுக்கே இணை இணையாகக் கோடுகள். கீறல் விழுந்த காசு என்று நினைத்தேன். வியாபாரி "இதெல்லாம் பிறவியிலேயே வந்தது" என்றார். கதை விடுகிறாரா?

பட்டறைக்காரர்:

இல்லை தம்பி, உண்மைதான். அது அரம் போட்ட தடம். அச்சடிக்காத வெறும் வில்லை எடை கூடுதலாக இருந்தால் அச்சடிக்கும் முன்னே அரத்தால் ராவிச் சரி செய்வார்கள். எடை குறைவாக இருந்தால் நடுவில் ஓட்டை போட்டு ஒரு வெள்ளித் தக்கையைச் செருகி அடிப்பார்கள். 1795 டாலர்களில் தக்கை வைத்தவை உண்டு. ராவிய தடத்துக்கும் பிற்காலக் கீறலுக்கும் வித்தியாசம் இதுதான்: ராவியது அச்சுக்கு முன், ஆகவே அச்சு ஆழமாக அழுத்திய இடத்தில் கோடு நசுங்கி மறைந்திருக்கும். ஓரத்துப் பல்வரிசையிலும் அச்சு சரியாக நிரம்பாத பள்ளத்திலும் அதிகம் தெரியும். கீறல் என்றால் மேட்டின் தலையைச் சீவிக்கொண்டு போயிருக்கும்.

அம்மன்காசு:

தக்கை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013 ஜனவரியில் 1,00,16,875 டாலருக்கு ஏலம் போன 1794 டாலரிலும் நடுவில் தக்கை, முகத்தில் அரத் தடம். அப்போது உலகத்திலேயே அதிக விலை போன காசு அதுதான். "குறை" என்று நாம் நினைக்கிற இரண்டும் இருந்தும், எஸ்பி (தனிக் கவனத்தோடு அடித்த மாதிரிக்காசு) 66 என்று எண் வாங்கியது. 2022இல் அதே காசு 1.2 கோடி டாலருக்குக் கை மாறியது.

1794 டாலர் முதன்முதலில் வெளிவந்தது அக்டோபர் 15 அன்று, மொத்தம் 1,758. டாலர் அளவுக்குப் பெரிய அச்சுப்பொறி அப்போது ஃபிலடெல்பியாவில் இல்லை. சின்னக் காசுக்கான திருகுப்பொறியில் வைத்து அடித்தார்கள். அச்சு இரண்டும் சமமாக உட்காராததால் பெரும்பாலான காசுகளில் இடப்பக்க நட்சத்திரங்களும் வருடமும் மங்கலாக விழுந்தன. பிறகு அந்த வருடம் டாலரே அடிக்கவில்லை. 1795இல் பெரிய பொறி வந்தபின்தான் மறுபடி.

எடிசன்தமிழன் கேட்ட கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துக் காசுகளில் மிக உயர்ந்த நிலையில் மிஞ்சியவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். யார்க்ஷயரிலிருந்து வில்லியம் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற நிலப்பிரபு 1794, 95இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்தார். அங்கே வாங்கிய புதுக்காசுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1964இல் செயின்ட் ஆஸ்வால்ட் பிரபுவின் பெயரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு அந்தக் காசுகள் வந்தபோது, புழங்காத 1794 டாலர் இரண்டு அதில் இருந்தன. 170 வருடம் யாரும் தொடாமல், துடைக்காமல், ஓர் இங்கிலாந்து வீட்டில் கிடந்தவை.

இன்னொரு உதாரணம், செயின்ட் லூயிஸ் எரிக் நியூமேன். கர்னல் கிரீன் என்ற பெரும் பணக்காரச் சேகரிப்பாளர் 1936இல் இறந்தபின் அவருடைய மலை போன்ற சேகரிப்பிலிருந்து வாங்கிய காசுகளை எழுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். 2013இலிருந்து அவை ஏலத்துக்கு வந்தபோது நீலமும் பொன்னும் ஊதாவுமாகப் படலம் கட்டியிருந்ததைப் பார்த்துச் சந்தையே கிறங்கிப்போனது. (நியூமேன் 106 வயது வாழ்ந்தார். இந்தப் பொழுதுபோக்கு ஆயுளுக்கு நல்லது என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.) அந்த இரண்டு சேகரிப்புக்கும் பொதுவானது ஒன்றுதான், யாரும் கை வைக்கவில்லை.

கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. பல வருடம் முன் ஒரு 1832 அரை டாலர் வாங்கினேன். ஸ்லாபில் இல்லாதது, நல்ல ஏயூ, மேலே அழகான பழுப்புத் தோல். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அது என் தப்பு. ஆடி வெள்ளிக்குக் குத்துவிளக்கு துலக்கும்போது அம்மா அதையும் எடுத்து விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் காசு நிலா மாதிரி இருக்கிறது. "எவ்வளவு அழுக்குடா, இப்பப் பாரு" என்று ஒரே பெருமை. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தரம் பார்க்க அனுப்பினால் எண் வராது, "துலக்கப்பட்டது" என்றுதான் வரும். விற்கவும் மனமில்லாமல் இன்னும் என்னிடமே இருக்கிறது.

சில்லறை:

அம்மன்காசு ஐயா, அந்த விபூதிக் காசைப் படம் எடுத்துப் போடுங்கள், கும்பிட்டுக்கொள்கிறோம்.

சும்மா சொன்னேன். எனக்கும் ஒரு கேள்வி. சொந்தக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வாங்கிய 1804 டாலர் வைத்திருக்கிறார். கோடிக்கணக்கில் போகும் என்று கனவில் இருக்கிறார். போகுமா?

ஓரஎழுத்து:

போகாது. உலகத்தில் அறியப்பட்டது 16தான். பெரும்பாலானவை யாரிடம் இருந்தன என்று பெயர் பெயராக வரலாறு உண்டு. 1804 என்று வருடம் போட்ட டாலர் எதுவும் 1804இல் அடிக்கப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்த வருடம் அடித்ததெல்லாம் பழைய வருட அச்சில். 1834இல் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசு கொண்டுபோக நாணயத் தொகுப்பு கேட்டார்கள். ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், டாலர் கடைசியாக அடித்தது 1804. உடனே அந்த வருடம் பொறித்து அச்சு செய்து அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சுல்தான் பெயரில் அறியப்படும் காசு 2021இல் 76.8 லட்சம் டாலருக்குப் போனது.

உங்கள் சொந்தக்காரரிடம் இருப்பது கடைவீதிச் சரக்கு. தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். டாலர் 26.96 கிராம் இருக்க வேண்டும், அரை டாலர் 13.48. அப்புறம் காந்தம். அப்புறம் ஓரம். அரை டாலரின் ஓரத்தில் ஐம்பது சென்ட் அல்லது அரை டாலர் என்று ஆங்கிலத்தில் ஓடும். அந்த எழுத்தைத் தனிப் பொறியில் உருட்டிப் பொறித்தபின்தான் முகத்தை அடித்தார்கள். ஆகவே எழுத்து ஒவ்வொரு காசிலும் வேறு வேறு இடத்தில் தொடங்கும், அங்கங்கே நசுங்கியும் இருக்கும். வார்ப்புப் போலியில் அது குழைந்து கிடக்கும்.

பஸ்ட் ஹாஃபில் அந்தக் காலத்திலேயே ஜெர்மன் சில்வரில் போலி அடித்தார்கள். நம் வீட்டுத் தாம்பாளம் செய்கிற அதே ஜெர்மன் சில்வர்தான். அந்தப் பழைய போலிகளைத் தேடிச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. இப்போது வருகிற புதுப் போலிகளுக்கு அந்த மரியாதை வேண்டாம்.

வட்டிக்கணக்கு:

சரி, போலி விஷயத்தில் ஒத்துப்போகிறேன். ஆனால் ஸ்லாப் இருந்தால் போதும் என்று இருக்காதீர்கள், ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள். எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படத்தோடு கையில் இருக்கும் காசை ஒத்துப் பாருங்கள்.

அந்த 62 பற்றி: பட்டறைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு என் பெட்டியில் இருக்கும் மூன்று வெள்ளை எம்எஸ்களை விளக்கடியில் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் ஒளி நன்றாக ஓடுகிறது. ஒன்றில் பரவாயில்லை. மூன்றாவது சுண்ணாம்புச் சுவர்தான். அதுதான் மூன்றிலும் அதிக விலை கொடுத்து வாங்கியது. விற்கும்போது வாயே திறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேனல்லவா, இந்தக் காசுக்கு அது பொருந்தும். ஆனாலும் சிஏசி ஒட்டு இருந்தால் 58கூட எளிதாக விற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007இலிருந்து ஸ்லாபில் உள்ள காசை இன்னொரு முறை பார்த்து, எண்ணுக்குத் தகுந்தது என்றால் பச்சை ஒட்டு ஒட்டுகிறார்கள். எடிசன்தமிழன், உங்கள் கறுத்த காசில் அது இருக்கிறதா?

எடிசன்தமிழன்:

இல்லை அண்ணா. ஏன் என்றும் இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். மேசை விளக்கு கேட்டு வாங்கி, இரண்டையும் அரை மணி நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். 62இல் ஒளி ஓடவே இல்லை. சரி, கறுத்ததை எடுத்துவிடலாம் என்று அதைத் திருப்பினால், கறுப்புக்கு அடியில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். யாரோ எப்போதோ துணியால் அழுத்தித் துடைத்து, அதற்கு மேல் மறுபடி கறுத்திருக்கிறது. ஸ்லாபில் 58 என்றுதான் இருக்கிறது. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இனி தெரியாதது மாதிரி இருக்க முடியாது. இரண்டையும் வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்போது வியாபாரி கீழ் அறையிலிருந்து ஒன்று எடுத்து வைத்தார். 1831, ஏயூ 53. கன்னத்திலும் முடியிலும் தேய்மானம் தெளிவாக இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவிலும் எழுத்துகளுக்கு இடையிலும் மட்டும் பழைய ஒளி மிச்சம். நிறம் ஓரத்திலிருந்து உள்ளே நீலம், செம்பழுப்பு, வெளிர் பொன், அப்புறம் சாம்பல் என்று ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகிறது. கோடு எதுவும் இல்லை. விலை அந்த 58ஐவிடக் குறைவு. வாங்கிவிட்டேன்.

வீட்டில் "இன்னும் கறுப்பா ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார்கள்.

பட்டறைக்காரர்:

நீலம், செம்பழுப்பு, பொன் என்று வரிசையாக வந்திருந்தால் பயமில்லை. படலம் தடிமன் கூடக் கூட நிறம் மாறும், பொன் முதலில், நீலம் பிற்பாடு. ஓரத்தில்தான் காற்று முதலில் படும், அதனால் அங்கே நீலம். அடுப்பில் வாட்டிச் செய்கிற போலி நிறத்தில் இந்த வரிசை குழம்பியிருக்கும்.

ஓரஎழுத்து:

நல்ல கை. படம் போடுங்கள், இரண்டு பக்கமும், கழுகின் பக்கம் கொஞ்சம் பெரிதாக. எந்த அச்சு ஜோடி (முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும்) என்று ஓவர்டன் எண், அதாவது ஓவர்டன் என்பவர் போட்ட பட்டியலின் எண், பார்த்துச் சொல்கிறேன். இந்த வகையில் நானூற்றுக்கும் மேல் ஜோடி இருக்கிறது. ஒருமுறை அதில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

எடிசன்தமிழன்:

ராத்திரி போடுகிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த அச்சைச் செதுக்கிய ஜான் ரீச், 13வது நட்சத்திரத்தின் ஒரு முனையில் சின்ன வெட்டு வைப்பாராம், அது அவர் கையெழுத்து மாதிரி என்று படித்தேன். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன், என் காசில் காணோம். ஏதாவது கோளாறா?

ஓரஎழுத்து:

ரீச் 1817லேயே வேலையை விட்டுப் போய்விட்டார். உங்களுடையது 1831. வெட்டு இருந்தால்தான் கோளாறு.